பைய என்னும் ஆங்கிலச் சொல்

பொருநை வளர்நிதி வங்கியின் வண்ணார்பேட்டைக் கிளையில் ஒரு சிறுபுத்தகம் இலவசமாகக் கிடைக்கும். பெயர் ‘விழித்தெழு முதலீட்டாளரே’. முப்பத்திரண்டு பக்கம், வழவழப்பான தாள், அட்டையில் சூரிய உதயம். ஒவ்வொரு கிளையும் ஆண்டுக்கு ஐந்நூறு பிரதிகள் வைத்திருக்க வேண்டும் என்பது மேலிடத்து விதி. வைத்திருந்தார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்காக வைத்த வாளிக்கு உயரம் போதவில்லை என்பதால் அதில் நூற்றைம்பது பிரதிகள் வாளிக்கு அடியில் இருந்தன. யாராவது அதைப் படித்துவிட்டு வருவார்கள் என்பதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்யப்பட்டிருக்கவில்லை.

தனலட்சுமி படித்துவிட்டு வந்தாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷம் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள். முதலில் கொழுந்து பறித்தாள். பத்தாவது வரை படித்திருந்ததால் பிறகு நிறுவைக் கொட்டகையில் எடை எழுதினாள். தோட்டத்தை மூடியபோது அவள் பங்காக வந்த பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் இந்தக் கிளையில் அவள் பெயரில் விழுந்தது. கணவன் வன்னியராஜுக்கு வந்த பணம் அவனுடைய முதுகு ஆபரேஷனுக்கும் சீவலப்பேரி வாடகை வீட்டின் அட்வான்சுக்கும் போய்விட்டது. இப்போது அவன் குனியாமல் செய்யக்கூடிய வயல் வேலை எதுவென்று தினமும் தேடிப் போகிறான்.

மகள் முப்பிடாதிக்குப் பத்தொன்பது வயது. பேச்சு வராது. சோறு ஊட்ட வேண்டும், கையைப் பிடித்து நடத்த வேண்டும். சந்தோஷம் வந்தால் கூரையைப் பார்த்து ஒரு சத்தம் எழுப்புவாள்; சந்தோஷம் அடிக்கடி வரும். பதினொரு லட்சமும் அவளுடையது. தானும் வன்னியராஜும் போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிற யாரோ ஒருவருக்கு மாதாமாதம் போய்ச் சேர வேண்டிய பணம். அந்த யாரோ யார் என்று தனலட்சுமிக்குத் தெரியாது. பணமாவது யாருடையது என்று தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தாள். இருபது வருஷம் அதைத் தொடக் கூடாது.

சிறுபுத்தகத்தின் பதினோராம் பக்கம் இடிஎஃப் பற்றியது. நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகளில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி ஒரு மூட்டையாகக் கட்டி வைக்கிறார்கள். அந்த மூட்டையின் சிறு துண்டுகளை யாரும் பங்குச் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். அதே ஐம்பது கம்பெனிகளைப் பலரும் மூட்டை கட்டுகிறார்கள். சரக்கு ஒன்று, கட்டுகிறவன் எடுத்துக்கொள்ளும் கழிவுதான் வேறு வேறு. ஆகவே ஒப்பிடுங்கள் என்றது புத்தகம். தனலட்சுமிக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆகவில்லை. சாக்குக்கு இவ்வளவு, இலை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதிய கை அது. நாளுக்கு இரண்டு கிலோ என்பது ஒரு ஆயுளில் எத்தனை மூட்டை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டாள். நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு நாலு பைசா எடுப்பது ஒன்று, ஏழு பைசா எடுப்பது ஒன்று, பதினெட்டுப் பைசா எடுப்பது ஒன்று. நாலு பைசாவைத்தான் எடுக்க இருந்தாள். பதினான்காம் பக்கம் அவளைத் தடுத்தது. மலிவு மட்டும் போதாது; தினமும் நிறையக் கைமாறுகிறதா, உள்ளே இருக்கும் சொத்தின் மதிப்பை ஒட்டி விலை நிற்கிறதா என்று பாருங்கள். நாற்பது நாள் போனில் பார்த்து எழுதினாள். நாலு பைசாவை வாங்க ஆளே இல்லாத நாட்கள் இருந்தன. சில நாள் உள்ளிருக்கும் மதிப்பைவிட ஒன்றரை ரூபாய் கூடுதலாக விற்றது. ஏழு பைசா, கயிறு பிடித்த மாடு போல மதிப்பின் கூடவே நடந்தது. ஐந்தில் நாலு பங்கு ஏழு பைசாவில், ஒரு பங்கு தங்க இடிஎஃப்பில் என்று முடிவு செய்து அடியில் கோடிட்டாள். அவள் தனியாக எடுத்த முதல் முடிவு அது. அன்றைக்கு முழுவதும் அவளுக்குத் தன்மேல் ஒரு மரியாதை இருந்தது. பிற்பாடு அதை நினைத்துத்தான் அதிகம் கூசினாள்.

மார்ச் இரண்டாம் தேதி டவுன் பஸ் பிடித்து வண்ணார்பேட்டைக்குப் போனாள். வாசலில் தேங்கிய தண்ணீரைக் காட்டி, அப்போது அந்தப் பக்கம் வந்த கிளை மேலாளர் பாபநாசமே, “தண்ணி கெடக்கு, பைய வாங்கம்மா” என்று சொன்னார். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளைக் கவனிக்க ஒதுக்கப்பட்டவன் கணேஷ்ராம். இருபத்தெட்டு வயது, கழுத்தில் அட்டை. பதவி ‘செல்வ உறவு மேலாளர்’. உறவு என்பது அங்கே ஒரு துறை. வட்டாரப் பண்பாட்டோடு ஒன்றுவது எப்படி என்று தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதன்படி, இருப்பு ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் ‘இந்தாங்க’, ஐந்து லட்சம் வரை ‘அக்கா’, அதற்கு மேல் ‘அம்மா’, இருபத்தைந்தைத் தாண்டினால் ‘மேடம்’. வியாபாரக் கணக்கு வைத்திருக்கும் ஆண்கள், தொகை எதுவானாலும் ‘அண்ணாச்சி’. கணேஷ்ராம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அவளை அம்மா என்றான்.

அவள் நோட்டைத் திறந்து வைத்து, ஏழு பைசா வேண்டும் என்றாள். அவன் நோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டான். ஒங்க புத்தகம்தான் தம்பி, பதினாலாம் பக்கம் என்றாள். அவன் போய் வாளியைத் தூக்கிவிட்டு ஒரு பிரதியை எடுத்தான். பதினான்காம் பக்கம் பதினைந்தாம் பக்கத்தோடு ஒட்டியிருந்தது. அதை அப்படியே மேலாளர் அறைக்குக் கொண்டுபோனான். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் பிரிக்க முயல்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவன் கையில் ஒரு டேப் இருந்தது. வாடிக்கையாளரின் மனத்தை அறியும் கேள்விகள் என்றான். முதலீட்டுக் காலம் எவ்வளவு? ஒன்று முதல் மூன்று, மூன்று முதல் ஐந்து, ஐந்துக்கு மேல்.

“நான் செத்த பொறவு வேணும்” என்றாள்.

அவன் சற்று யோசித்து ‘ஐந்துக்கு மேல்’ என்பதைத் தொட்டான். “செத்த பொறவும் அஞ்சுக்கு மேலதானம்மா.”

பிறகு மேலாளர் அழைத்தார். பாபநாசத்துக்கு ஐம்பத்து நாலு வயது. நெற்றியில் திருநீறு, மேஜையில் மூன்று கோப்பைகள். அவற்றில் ஒன்று ‘மண்டலத்தின் மனசாட்சி விருது’. முதலில் அவள் நோட்டைப் பாராட்டினார். பிறகு தங்கள் காப்பீட்டுத் திட்டமான ‘செல்வக் கற்பகம்’ பற்றிச் சொன்னார். வருஷம் ஐந்து லட்சம் வீதம் பத்து வருஷம் கட்டுவது. அவள் தலையாட்டாமல் இருந்ததைக் கண்டு மனம் திறந்து பேசினார்.

“நீங்க ஒப்பிட்டுப் பாத்தது நல்லதும்மா. நாங்களும் ஒப்பிட்டுத்தான் சொல்லுதோம். நீங்க கேக்குத இடிஎஃப்ல எங்களுக்கு என்ன கெடைக்கும்? ஒண்ணும் கெடைக்காது. ஒண்ணும் கெடைக்காத ஒண்ண ஒரு பேங்கு எப்படி மனசார சிபாரிசு செய்யும்? செஞ்சா அது நடிப்புதான? கற்பகத்துல மொத வருஷமே எங்களுக்கு நல்லா கெடைக்குது. அதனால அத நாங்க மனசாரச் சொல்லுதோம். நீண்ட காலம்னு சொன்னீங்க. எங்களுக்கும் அதே கவலைதான். மார்ச் முடிய இன்னும் இருபத்தொம்பது நாளு கெடக்கு.”

அந்தச் சமயம் வெளியே ஒரு மணி அடித்தது. ஊழியர்கள் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பாபநாசமும் எழுந்தார். பூஜை நேரம் போலிருக்கிறது என்று தனலட்சுமியும் எழுந்து கைகூப்பினாள். யாரோ ஒரு கற்பகம் வாங்கிவிட்டார்கள் என்று உட்கார்ந்த பிறகு தெரிந்தது. ஒவ்வொரு கற்பகத்துக்கும் ஒரு மணி.

தனக்கு ஏழு பைசாவே போதும் என்று மறுபடியும் சொன்னாள். சரி, அதற்கான கணக்கைத் தொடங்கிவிடலாம் என்று பாபநாசம் உடனே ஒப்புக்கொண்டார். கணேஷ்ராம் டேப்பை நீட்டினான். கண்ணாடியில் விரலால் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எறும்பு அளவு இருந்தது. படிப்பதற்குள் அவன் விரல் அதைத் தள்ளியது. தாளில் அச்சடித்ததை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவளுக்கு, ஓடுகிற கண்ணாடியை நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. உறுதிப்படுத்த ஒரு போன் வரும் என்றான்.

போன் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தது. அப்போது முப்பிடாதியைக் குளிப்பாட்டுவதற்காகப் பின்வாசல் படியில் இறக்கிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசியது மனுஷி இல்லை. ‘பொருநை நங்கை’ என்னும் இயந்திரக் குரல். திட்டத்தின் நிபந்தனைகளை நங்கை மூச்சுவிடாமல் படித்தாள். அவளுக்கு மூச்சு தேவையில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்த ஓட்டத்தில் தனலட்சுமிக்குப் பிடிபட்டது தன் பெயர் மட்டும். முப்பிடாதி ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தாள்.

“பைய” என்றாள் தனலட்சுமி. மகளுக்குச் சொன்னது. அந்தச் சொல் கேட்டால் முப்பிடாதி நிற்பாள். அவளுக்குத் தெரிந்த ஐந்தாறு சொற்களில் அது ஒன்று. பிறகு போனிடமும் அதையே சொன்னாள். “பைய சொல்லுங்கம்மா, ஒண்ணும் வெளங்கல.”

“நன்றி. உங்கள் விருப்பம் இரண்டு முறை பதிவு செய்யப்பட்டது” என்றாள் நங்கை.

வண்ணார்பேட்டையில் மணி இரண்டு தடவை அடித்தது. சீவலப்பேரிக்கு அது கேட்கவில்லை. பத்து லட்சம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்திதான் வந்தது.

மறுநாள் இரண்டு கற்பகங்களின் பத்திரங்களும் கூரியரில் வந்தன. அதே நாளில் அவள் கிளைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் கைதட்டினார்கள். ஒரே அழைப்பில் இரண்டு கற்பகம் வாங்கிய வாடிக்கையாளர் மண்டலத்திலேயே வேறு யாரும் இல்லை. பாபநாசம் பொன்னாடை போர்த்தினார். அது தோளில் கிடக்க, அவள் தான் எதுவும் வாங்கவில்லை என்றாள். கணேஷ்ராம் மிகவும் பொறுமையாக ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினான். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பைய. பைய.

பை என்றால் ஆங்கிலத்தில் வாங்கு என்று அர்த்தம், ‘பைய’ என்பது அதன் மரியாதை வடிவமாக இருக்கும் என்றான் கணேஷ்ராம்.

அவள் மேலாளரைப் பார்த்தாள். “சார், நீங்க நம்மூருதான. பையன்னா மெதுவான்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அப்படி ஒரு சொல்லைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார் பாபநாசம்.

“முந்தாநாளு வாசல்ல என்கிட்ட சொன்னீங்களே. தண்ணி கெடக்கு, பைய வாங்கன்னு.”

அவர் கோபப்படவில்லை. “அம்மா, நான் வாசல்ல நின்னு பேசுதது வேற, இந்தச் சீட்ல உக்காந்து கேக்குதது வேற. எனக்குத் தெரியலாம். சீட்டுக்குத் தெரியாது.”

தனலட்சுமி அதுவரை பயந்துகொண்டுதான் இருந்தாள். பணம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பதிலைக் கேட்டதும் பயம் இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. மலையில் எடையைக் கழித்தவர்கள், கழிக்கிறோம் என்று சொல்லிக் கழித்தார்கள். இந்த ஆள் தன் அம்மா தன்னை நடக்கப் பழக்கியபோது சொல்லியிருக்கக்கூடிய ஒரு சொல்லை, இதே நாக்கால், தெரியாது என்கிறார். சொல்லும்போது அவர் எச்சில்கூட விழுங்கவில்லை. பொன்னாடையை எடுத்து மடித்து மனசாட்சி விருதின் பக்கத்தில் வைத்தாள்.

சிறுபுத்தகத்தின் இருபத்தேழாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். பத்திரம் கைக்கு வந்து முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அங்கேயே எழுதிக் கொடுத்தாள். மனுவில் காரணம் என்று ஒரு வரி இருந்ததால் நடந்ததை எழுதினாள். காரணம் எழுதிவிட்டதால் இது ரத்து மனு இல்லை, புகார் என்று கணேஷ்ராம் அதை எடுத்துக்கொண்டுபோய் வேறு பெட்டியில் போட்டான். புகார் முடிந்த பிறகுதான் ரத்து. அன்றைக்கு அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டான். கணக்கில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்தான் மீதி இருந்தது.

புகார் மண்டலக் குறைதீர்ப்பு அதிகாரி நீலாம்பாளிடம் போனது. எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட சொல்லுக்கு வாடிக்கையாளர் கூறும் பொருள் உண்டு என்பதற்கு அரசு அலுவலரின் சான்று இணைக்கவும்.

ஊர் விஏஓ முதலில் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். சாதிக்கு உண்டு, வருமானத்துக்கு உண்டு, விதவைக்கு உண்டு, சொல்லுக்குச் சான்றிதழ் கொடுக்க வழியில்லை என்றார். ஆனாலும் இருப்பிடச் சான்றில் குறிப்புப் பகுதியில் எழுதிக் கொடுத்தார். ‘மேற்படியார் வசிக்கும் பகுதியில் பைய என்பது மெதுவாக என்ற பொருளில் வழங்கி வருகிறது.’ வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. மெதுவாக என்ற பொருள் இருப்பது சரி. வாங்கு என்ற பொருள் இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே? அவர் அதையும் எழுதி முத்திரை வைத்தார். அடுத்தது, மேற்படிச் சொல் சொல்லப்பட்ட நிமிஷத்தில் வாடிக்கையாளர் மேற்படிச் சொல் வழங்கும் எல்லைக்குள் இருந்தாரா என்று கேட்டது வங்கி. பின்வாசல் படிக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள்.

இதற்குள் மார்ச் இருபத்தெட்டு ஆகிவிட்டது. மார்ச் முடிவதற்குள் ரத்தானால் இந்த வருஷக் கணக்கில் இரண்டு மணி குறையும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள்.

வன்னியராஜ் ஒருநாளும் திட்டவில்லை. அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தாள். திட்டினால் பதிலுக்குக் கத்தலாம். “படிச்சவ நீயே இப்படின்னா நான் போயிருந்தா வீட்டயும் சேத்து எழுதிக் கொடுத்திருப்பேன் ஏட்டி” என்று மட்டும் சொன்னான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவள் அதை இரண்டு நாள் மென்றாள்.

வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. அது நடப்பதே முதலில் அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லை அவள் சொல்வதை விட்டிருந்தாள். வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை மகளிடம் சொன்ன சொல். சோறு ஊட்டும்போது, படி இறங்கும்போது, தலை வாரும்போது. இப்போது ‘மெதுவா’ என்றாள். முப்பிடாதிக்கு அது வெறும் சத்தம். பத்திரம் வந்த இருபத்தாறாம் நாள் காலையில் பின்வாசல் படியில் அவள் வழக்கம்போல அம்மாவின் சொல்லுக்காகக் காத்து நின்றாள். சொல் வரவில்லை. அவளே காலை வைத்தாள். தாடையில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ்ஸில் எல்லாரும் கேட்கும்படி தனலட்சுமி அந்தச் சொல்லை உரக்கச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் டிரைவரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

விசாரணை ஏப்ரல் இரண்டாம் தேதி, இருபத்தொன்பதாவது நாள். மேலாளர் அறையில் பெரிய திரையில் நீலாம்பாள் தெரிந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான பெண். மூன்று சான்றுகளும் தன் முன் இருப்பதாகவும், அவற்றை மதிப்பதாகவும், ஆனால் நங்கை பன்னிரண்டு லட்சம் உரையாடல்களில் பழக்கப்பட்டவள் என்றும் சொன்னார். மனுஷர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அறியாமல் பேசுகிறார்கள். நங்கை சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆசையைக் கேட்கிறாள். அதை நேரிலேயே காட்டிவிடலாம் என்றார். சோதனைக்கு ஒரு வாடிக்கையாளர் எண் வேண்டும். பாபநாசம் பெருமையோடு தன்னுடைய எண்ணைக் கொடுத்தார்.

நங்கை பேசத் தொடங்கினாள். பாபநாசம் நிமிர்ந்து உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “தற்போது எனக்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை.” தங்கள் கருத்துக்கு நன்றி, மேலும் சில பயன்களைக் கூறட்டுமா என்றாள் நங்கை. அவர் தனலட்சுமியைப் பார்த்துப் புன்னகை செய்தார். அப்போது கணேஷ்ராம் மூன்று டம்ளர் காப்பியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தரையில் ஒயர் கிடந்தது. தட்டு மனசாட்சி விருதை நோக்கிச் சாய்ந்தது.

“ஏலே, பைய, பைய” என்றார் பாபநாசம்.

“நன்றி” என்றாள் நங்கை.

வெளியே இரண்டு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து கைதட்டும் சத்தம் கேட்டது. புதிய நிதியாண்டின் முதல் விற்பனை. பாபநாசத்தின் போன் துடித்தது. அவருடைய சேமிப்பிலிருந்து பத்து லட்சம் போயிருந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் என்று அவரே சொன்னார், யாரும் கேட்காமல்.

திரையில் நீலாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதற்றப்பட வேண்டாம், ஊழியர் தவறுதலுக்கு ஒரு படிவம் இருக்கிறது, காரணம் ஒரு வரி எழுதினால் போதும் என்றார். பாபநாசம் எழுதினார். பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் எழுதினார். பத்து நிமிஷத்தில் அவர் பணம் திரும்பி வந்துவிட்டது. பிறகு நீலாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சோதனை முடிவானதாக இல்லை, வாடிக்கையாளரின் புகாரை நாளைக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். நாளைக்கு முப்பதாவது நாள்.

தனலட்சுமி எழுந்து பாபநாசம் எழுதிய தாளைக் கையில் எடுத்துப் படித்தாள். திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள். ‘பைய என்பது எங்கள் பகுதியில் மெதுவாக என்று பொருள்படும் சொல். அதை வாங்கச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தவறு.’ கீழே கையெழுத்து, பதவி, கிளையின் ரப்பர் ஸ்டாம்பு.

“விஏஓ சொன்னாப் போதாதுன்னீங்க. இது ஒங்க மேனேஜரு சொன்னது” என்றாள். “இப்ப சீட்டுக்கும் தெரிஞ்சிட்டு.”

போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தாள். அதன் பிறகு அறையில் யாரும் காப்பி குடிக்கவில்லை.

எட்டாம் நாள் பணம் வந்தது. முத்திரைச் செலவு, நங்கையின் நேரம், முப்பது நாள் உயிர் காத்த கட்டணம் என்று நாலாயிரத்துச் சொச்சம் எடுத்துக்கொண்டு மீதி. கூடவே வருத்தக் கடிதம் ஒன்று. ‘தங்கள் வட்டார உச்சரிப்பால் நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

ஏழு பைசாவுக்கான கணக்கை இப்போது உடனே தொடங்கித் தருவதாகக் கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். வன்னியராஜுக்கு அன்று நடவு வேலை கிடைத்திருந்தது. முப்பிடாதியையும் கூட்டிக்கொண்டு போனாள். பாபநாசம் எழுந்து நின்று வரவேற்றார், அம்மா என்றார். படிவத்தைத் தாளிலேயே தரச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அரை மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முப்பிடாதி சோபாவில் உட்கார்ந்து கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தாள். தாடையில் தையல் பிரித்த தழும்பு சிவந்து கிடந்தது.

கடைசிப் பக்கத்தில் வாரிசு பெயர் கேட்டிருந்தது. முப்பிடாதி என்று எழுதினாள். உறவு: மகள். அடுத்த வரி: வாரிசின் கைபேசி எண், வாடிக்கையாளரின் மறைவுக்குப் பின் குரல்வழி ஒப்புதல் பெறுவதற்கு.

பேனாவைக் கீழே வைத்தாள். “இவளுக்குப் பேச்சு வராது சார். எங்க காலத்துக்குப் பொறவு இவளுக்கு அந்தப் போன் வந்தா என்ன ஆகும்?”

பாபநாசம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, எதையோ திறந்து, கவனமாகப் படித்தார். உதவ வேண்டும் என்றுதான் படித்தார். பிறகு முப்பிடாதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மூணு தடவை கேக்கும். பதில் இல்லன்னா ஆட்சேபணை இல்லன்னு எடுத்துக்கிடும்.”

விசிறி சுற்றியது. முப்பிடாதி சிரித்தாள்.

தனலட்சுமி படிவத்தை நாலாகக் கிழித்தாள். கணக்கையே முடித்துப் பணத்தைக் கொடுத்துவிடச் சொன்னாள். ஏழு பைசாவை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பாபநாசத்துக்கு உண்மையாகவே புரியவில்லை. எல்லாம்தான் சரியாகிவிட்டதே, பழைய தவறை இன்னுமா மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“தப்புக்காகப் போகல சார். தப்பு யாரும் செய்வாங்க. இவ ஒங்க முன்னாலதான் உக்காந்திருக்கா. இவ மொகத்தப் பாத்துக்கிட்டே அதைச் சொன்னீங்க. ஒங்க மொகத்துல ஒண்ணுமே நடக்கல. அதுக்குத்தான் போறேன்.”

அவர் கணேஷ்ராமை அழைத்துக் கணக்கை முடிக்கச் சொன்னார். கணேஷ்ராம் உட்கார்ந்து தட்டினான். காரணத்தைக் குறிக்காமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதில் மூன்று இருந்தன: வெளியூர் மாற்றம், மரணம், பிற. அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘பிற’ என்பதைத் தொட்டான்.